மேடையும் மேசையும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிறந்த கன்ட்ரி இசை பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். என் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கன்ட்ரி பாடல்கள் எழுதி, கிட்டார் வாசித்துப் பாடுகிறாள். எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் கிடையாது, எல்லாம் கைக்காசுதான். போன மாதம் ஒரு இசை விழாவில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் மனைவியும் போயிருந்தோம். பகல் பன்னிரண்டு மணிக்கு, மைதானத்தின் கோடியில் இருந்த சின்ன மேடையில், அரை மணி நேரம். எதிரே நாற்பது பேர்கூட இல்லை. முதல் பாட்டில் அவள் குரலே சரியாகக் கேட்கவில்லை. மூன்றாவது பாட்டுக்கு ஒரு வயதான அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொடுத்தது 300 டாலர். கூட வாசித்த இரண்டு பேருக்கும் கொடுத்து, பெட்ரோல், அறை வாடகை எல்லாம் போனால் அவளுக்கு நஷ்டம்தான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பாடி முடித்ததும் ஒரு மேசை போட்டு, மதியம் முழுக்க வெயிலில் நின்று சிடியும் டி-ஷர்ட்டும் விற்றுக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. இதெல்லாம் தேவையா? நம் நிறத்தை வைத்துக்கொண்டு இந்த இசையில் இடம் கிடைக்குமா? போதும், நிறுத்திக்கொள் என்று சொல்லிவிடலாமா?

எஸ்., ஆஸ்டின்

அன்புள்ள எஸ்.,

சொல்லாதீர்கள்.

முதலில் அந்த மேசையைப் பற்றிப் பேசுவோம். உங்களை அதிகம் காயப்படுத்தியது அதுதான் என்று தெரிகிறது. நம் கச்சேரிப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது அப்படித்தான் இருக்கும். மங்களம் பாடி, பொன்னாடை வாங்கிக்கொண்டு வித்வான் காரில் ஏறிவிடுவார். கன்ட்ரி இசையில் வழக்கம் வேறு. பாடுபவர் கேட்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் இன்று சிஎம்ஏ ஃபெஸ்ட் என்ற பெயரில் நடக்கும் பெரிய விழா 1972-இல் 'ஃபேன் ஃபேர்' என்று தொடங்கியது. பாட்டு ஒரு பக்கம் இருக்க, ரசிகர்கள் வந்து பாடகர்களைச் சந்தித்துக் கைகுலுக்கிக் கையெழுத்து வாங்கிப் போவதுதான் அதன் உயிர். பெரிய பெரிய பாடகர்களும் சாவடி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். 1996-இல், புகழின் உச்சியில் இருந்த பாடகர் கார்த் புரூக்ஸ் அந்த விழாவுக்கு வந்து 23 மணி நேரம் இடைவிடாமல் கையெழுத்துப் போட்டார். உங்கள் மகள் அந்த மதியம் செய்ததும் அதே வேலைதான்.

பெரும்புகழ் பெற்ற கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் அவருடைய முதல் இசைத்தட்டு ஒரு சின்ன நிறுவனத்தின் மூலம் வந்தது. அதை ஊருக்குச் சொல்ல ஆள் இல்லை. அவரும் கணவரும் தட்டுகளை வானொலி நிலையங்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அப்புறம் காரில் ஏறி ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு நிலையத்தின் கதவையும் தட்டினார்கள். இரவில் காரிலேயே தூங்கினார்கள். அந்தப் பாட்டு பில்போர்டு இசை இதழின் கன்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடம்வரை போனது.

இன்று உங்கள் மகள் அதே மாதிரி வானொலி நிலையங்களுக்குக் கிளம்பினால் அவ்வளவு சுலபமாகக் கதவு திறக்காது. பெரிய நிலையங்கள் பல ஒரு சில நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதை அந்த ஊரில் இருப்பவர்கள் முடிவு செய்வதில்லை. பெண் என்றால் இன்னும் கஷ்டம். 2015-இல் ஒரு வானொலி ஆலோசகர், பெண்கள் பாடிய பாட்டுகளை அடுத்தடுத்துப் போடாதீர்கள் என்று பகிரங்கமாகவே அறிவுரை சொன்னார். சாலட்டில் ஆண்கள் கீரையாம், பெண்கள் மேலே போடும் தக்காளியாம். இன்னொரு விஷயம்: அமெரிக்காவில் பண்பலை வானொலி ஒரு பாட்டைப் போட்டால், எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. சரி, இணையம் இருக்கிறதே என்பீர்கள். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்தப் பாட்டுக்கு ஒரு சென்ட்கூட வராது.

அதனால்தான் அந்த மேசை முக்கியம். அங்கே நின்று சிடி வாங்கி, தன் மின்னஞ்சல் முகவரியையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிற ஒருவர், இவள் அடுத்த முறை அந்தப் பக்கம் பாட வரும்போது இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். நிறுவனம் இல்லாத பாடகர்களின் வாழ்க்கை இப்படித்தான் நிற்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த அம்மாவைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிய செய்தி அதுதான். முன்பின் தெரியாத ஒரு பெண், உச்சி வெயிலில், சரியில்லாத ஒலியில் பாடிய பாட்டு ஒருவரை அப்படி ஆக்கியிருக்கிறது. அவர் பிறகு மேசைக்கு வந்தாரா, என்ன சொன்னார் என்று மகளிடம் கேளுங்கள்.

ஒலி விஷயத்தில் யாரையும் குறை சொல்லத் தேவையில்லை. விழாக்களில் பகல் நேரத்துச் சின்ன மேடைக்கு சவுண்ட் செக், அதாவது முன்கூட்டியே பாடிப் பார்த்து ஒலியைச் சரிசெய்யும் நேரம், கிடைப்பது அபூர்வம். முந்தைய குழு இறங்கியதும் பதினைந்து இருபது நிமிடத்தில் வயர்களை மாற்றி, ஒவ்வொரு மைக்கிலும் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். லைன் செக் என்பார்கள். மீதியை ஒலிப் பொறியாளர் முதல் பாட்டு ஓடும்போதுதான் சரிசெய்வார். இது தெரிந்தவர்கள் தங்கள் மிகச் சிறந்த பாட்டை முதலில் வைக்க மாட்டார்கள். எல்லா வாத்தியமும் சேர்ந்து ஒலிக்கிற, நான்கு வார்த்தை காதில் விழாமல் போனாலும் பரவாயில்லை என்கிற பாட்டைத்தான் வைப்பார்கள். யார் எங்கே நிற்பார்கள், எத்தனை மைக், எந்த வாத்தியத்தை மைக் இல்லாமல் நேராக ஒலிக்கருவியில் இணைக்க டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி வேண்டும் என்பதை ஒரு தாளில் வரைந்து முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். வெயிலில் உலோகத் தந்தி சூடாகித் தளரும், சுருதி இறங்கும். அதனால் கிட்டாரைக் கடைசி நிமிடம்வரை நிழலில் வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் நின்று பாடிப் பாடித்தான் கைவரும். நாற்பது பேர் என்பதும் பன்னிரண்டு மணிக்கு மோசமில்லை. அப்போதுதான் வாசல் திறந்திருக்கும், பாதிப் பேர் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பண விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. நானும் உங்கள் பக்கம்தான். நாலு பேருக்கு உங்களைத் தெரியும், அதுவே பெரிய லாபம் என்று சொல்லி இளம் கலைஞர்களைச் சும்மா பாடவைக்கும் வழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. டிக்கெட் போட்டு, பார்க்கிங்குக்கும் பீருக்கும் காசு வாங்கும் ஒரு விழா பன்னிரண்டு மணிப் பாடகருக்கும் நியாயமான தொகை கொடுக்க வேண்டும். சிஎம்ஏ ஃபெஸ்ட்டில் பாடுபவர்கள் பணம் வாங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே வருமானத்தில் ஒரு பங்கு இசைக் கல்விக்குப் போகிறது. எல்லா விழாவும் அந்த உதாரணத்தைச் சொல்லிக்கொள்ள முடியாது. அடுத்த முறை தொகை ஏறாது என்றால் அறையாவது கொடுங்கள் என்று அவள் கேட்கட்டும். கேட்பதில் தப்பே இல்லை. ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைக் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள். மேசையில் விற்பதில் விழாவுக்கு எத்தனை சதவீதம் என்பது ஒன்று. விழாவுக்கு முன்னும் பின்னும் இத்தனை நாள், இத்தனை மைல் சுற்றளவில் வேறெங்கும் பாடக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்பது இன்னொன்று. 300 டாலருக்காக இரண்டு மாதம் ஆஸ்டினில் பாட முடியாமல் போனால் எப்படி?

இன்னொரு பணமும் இருக்கிறது, பலர் அதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். அவள் பாடியது தன் சொந்தப் பாட்டுகள். அஸ்காப், பிஎம்ஐ என்று பாடலாசிரியர்களுக்கான அமைப்புகள் இருக்கின்றன. ஒன்றில் சேர்ந்து பாட்டுகளைப் பதிவு செய்திருந்தால், எந்த மேடையில் எந்தப் பாட்டுகளைப் பாடினோம் என்ற பட்டியலை அனுப்பி உரிமைத்தொகை வாங்கலாம். விழாக்கள் அதற்கான உரிமக் கட்டணத்தை இந்த அமைப்புகளுக்குக் கட்டுகின்றன. பட்டியல் அனுப்பக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

நிறம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது ஒரு தடையே இல்லை என்று நான் சொன்னால் பொய். கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்ட் பெய்லி கறுப்பினத்தவர். 1941-இல் அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். கன்ட்ரி இசையின் சாதனையாளர் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர 2005 ஆனது, அதற்குள் அவர் இறந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. 1966-இல் இன்னொரு கறுப்பினப் பாடகரான சார்லி பிரைடின் முதல் பாட்டுகளை வானொலிக்கு அனுப்பும்போது புகைப்படம் சேர்க்காமல் அனுப்பினார்கள். அதே சார்லி பிரைட் அடுத்த சில வருடங்களில் நாட்டின் மிகப் பெரிய கன்ட்ரி பாடகர்களில் ஒருவர் ஆனார். உங்கள் டெக்சாஸிலேயே மெக்சிக வம்சாவளியினரான ஃப்ரெடி ஃபெண்டரும் ஜானி ராட்ரிகஸும் ஸ்பானிய வரிகளைக் கலந்து பாடி முதலிடம்வரை போனார்கள். கன்ட்ரி இசையின் அடையாளமான பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியாக வந்ததுதான். இந்த இசையை ஒரு நிறத்தின் சொத்து என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். டெக்சாஸில் பிறந்த உங்கள் மகளுக்கு அதில் முழு உரிமை உண்டு.

ஒரே ஒரு யோசனை. அடுத்து அவள் டெக்சாஸின் கெர்வில் ஊரில் நடக்கும் நாட்டுப்புற இசை விழாவுக்குப் போகட்டும். அதுவும் 1972-இல் தொடங்கியதுதான். மே மாதக் கடைசியில் ஆரம்பித்துப் பல நாள் நடக்கும். அங்கே 'நியூ ஃபோக்' என்று புதிய பாடலாசிரியர்களுக்கு ஒரு போட்டி இருக்கிறது. இறுதிச் சுற்றில் ஆளுக்கு இரண்டே பாட்டு, அதுவும் சொந்தப் பாட்டு. பின்னாளில் பெயர் பெற்ற டெக்சாஸ் பாடலாசிரியர்களான நான்சி கிரிஃபித், லைல் லவெட், ராபர்ட் ஏர்ல் கீன் எல்லாம் ஆரம்ப காலத்தில் அங்கே பாடியவர்கள். தேர்வாகாவிட்டாலும் நஷ்டமில்லை. மேடை முடிந்த பிறகு கூடாரங்களுக்கு நடுவே தீ மூட்டி, வட்டமாக உட்கார்ந்து விடியும்வரை ஒருவர் மாற்றி ஒருவர் பாடுவார்கள். அங்கே உங்கள் மகளுக்குத் தன்னைப் போலவே பாட்டு எழுதிக்கொண்டிருக்கும் ஆட்கள் கிடைப்பார்கள். ஆஸ்டினிலிருந்து இரண்டு மணி நேரம்தான். நீங்களும் மனைவியும் கூடவே போங்கள்.