நாற்பது நிமிடம் எங்கே போகிறது?

கேள்வி: அக்கா, இரும்புச் சாமான் மொத்தக் கடையில் கணக்கு வேலை பார்க்கிறேன். எங்கள் இருப்பில் 20,000 பொருள்கள். வழங்குநர் அனுப்பும் விலைப்பட்டியலில் 50,000 வரிகள். இரண்டையும் ஒப்பிட்டு, விலை மாறியவற்றைப் பிரித்தெடுக்க பைதன் மொழியில் ஒரு நிரல் எழுதினேன். ஓடி முடிய நாற்பது நிமிடம் ஆகிறது. முதலாளி புதிய கணினி வாங்கலாம் என்கிறார். நண்பன் வேகமாக ஓடும் நிரல் எழுத சி ப்ளஸ் ப்ளஸ் மொழி படி என்கிறான். எது சரி? நிரலை இணைத்திருக்கிறேன்.
— வாசகர், பழைய சோனகத் தெரு, கொழும்பு 12

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். வெள்ளவத்தையில் மாலை வகுப்பை முடித்து வந்ததும் உங்கள் நிரலை இரண்டு முறை வாசித்தேன். பிழை கண்ணில் பட்டுவிட்டது. ஆனாலும் அதைத் திருத்துமுன் நீங்களே அளந்து பாருங்கள். முன்பு ஒரு நிறுவனத்துக்குச் சம்பள நிரல் எழுதியபோது, வரி கணக்கிடும் பகுதியில்தான் தாமதம் என்று நானாகவே முடிவு செய்து மூன்று நாள் அதைச் செதுக்கினேன். ஒரு விநாடிகூடக் குறையவில்லை. ஒவ்வோர் ஊழியருக்கும் தரவுத்தளத்தைப் புதிதாகத் திறந்து மூடிய இன்னொரு வரிதான் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து அளக்காமல் எதிலும் கை வைப்பதில்லை.

அளக்கும் கருவி பைதனோடு சேர்ந்தே வருகிறது: சீபுரொஃபைல். முதல் 200 பொருள்களை மட்டும் கொடுத்து அதன் வழியாக நிரலை ஓட்டுங்கள். எந்தச் செயற்கூறு (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) எத்தனை முறை அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று ஓர் அட்டவணை வரும். அதில், கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ என்ற சொல்லுக்கு நேரே 200 என்று நிற்கும். விலைப்பட்டியல் ஒன்றே ஒன்று. அதை ஏன் 200 முறை திறக்க வேண்டும்?

ஒவ்வொரு பொருளுக்கும் அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் உங்கள் லூப்பின் உள்ளேதான் கோப்பைத் திறக்கிறீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் 50,000 வரிகளையும் முதலிலிருந்து கடைசி வரை வாசிக்கிறீர்கள். 20,000 பொருள்களுக்கு நூறு கோடி வரிகள்! சி ப்ளஸ் ப்ளஸில் எழுதினாலும் அதே நூறு கோடியைத்தான் வாசிக்க வேண்டும். பைதனின் புதிய பதிப்பும் உங்களைக் காப்பாற்றாது. 2022இல் வந்த 3.11, முந்தைய பதிப்பைவிடச் சராசரியாக 1.25 மடங்கு வேகம் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். அந்த விகிதம் அப்படியே கிடைத்தாலும் நாற்பது நிமிடம் முப்பத்திரண்டாகும், அவ்வளவுதான்.

அதே அளவில் போலிக் கோப்புகள் செய்து என் பழைய மடிக்கணினியில் ஓட்டினேன். கோப்பைத் திறக்கும் வரியை லூப்புக்கு மேலே நகர்த்தி, பட்டியலை ஒரே முறை வாசித்து வைத்துக்கொண்டேன். மூன்று நிமிடமாகக் குறைந்தது. தேடல் மட்டும் பழையபடி ஒவ்வொரு வரியாகத்தான் நடந்தது. அடுத்து, பட்டியலை டிக்ஷனரியாக மாற்றினேன்; பொருளின் குறியீடு திறவுகோல், விலை அதன் மதிப்பு. ஒரு விநாடிக்குள் முடிந்துவிட்டது.

ஏன் என்று உங்கள் கடையிலேயே பார்க்கலாம். ஒருவர் அரை அங்குல வாஷர் கேட்கிறார். புதிய பையன் முதல் தட்டிலிருந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்ப்பான். பத்து வருடம் நின்றவரோ நேரே அந்த இழுப்பறைக்குப் போவார். டிக்ஷனரியும் அப்படித்தான். குறியீட்டிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, நினைவகத்தில் அது இருக்கும் இடத்துக்கு நேரே போகிறது. 50,000 வரி ஐந்து இலட்சமானாலும் ஒரு பொருளைத் தேடும் நேரம் ஏறக்குறைய மாறாது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வழங்குநரின் பட்டியலில் ஒரே குறியீடு இரண்டு முறை வந்தால், டிக்ஷனரி கடைசி விலையை மட்டும் வைத்துக்கொண்டு முந்தையதைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். எந்த விலை செல்லும் என்பதை முதலாளியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அடுத்தது, அந்தக் கோப்பை யாராவது எக்செலில் திறந்து சேமித்திருந்தால் 00417 வெறும் 417 ஆகியிருக்கும், தேடும்போது கிடைக்காது. ஆகவே பழைய நிரலை இன்னும் ஒரு தடவை நாற்பது நிமிடம் ஓடவிட்டு, அதன் முடிவையும் புதியதன் முடிவையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தவறான விலையில் ஒரு லொறிச் சாமான் வெளியேறினால் மிச்சம் பிடித்த நேரத்தால் என்ன பயன்?

கேள்வி: 8,000 மாணவர் பெயர்களை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் சேர்க்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டும் பல்செயலாக்கம் உதவுமா?
— மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: உதவாது, தங்கச்சி. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், சேர்த்ததை நிரந்தரமாகப் பதியச் சொல்லும் ‘கொமிட்’ கட்டளையைக் கொடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் தரவு வட்டில் பத்திரமாகப் பதிந்துவிட்டதா என்று எஸ்கியூலைட் காத்திருந்து உறுதி செய்துகொள்கிறது. சுழலும் பழைய வட்டில் அப்படி விநாடிக்குச் சில டசின் தடவைதான் முடியும். அந்த வரியை லூப்புக்கு வெளியே, கடைசியில் ஒரே ஒரு முறை வையுங்கள். 8,000 பெயர்களும் ஒரே பரிவர்த்தனையாக, அதாவது ஒரே தொகுதியாக, கண் இமைக்கும் நேரத்தில் உள்ளே போய்விடும். நடுவில் மின்சாரம் நின்றால் ஒரு பெயரும் பதிந்திருக்காது. முதலிலிருந்து ஓட்டினால் போதும்.