உபுண்டுவில் லாகின் செய்ததுமே தானாக ஓடும் புரோகிராம்களை நிறுத்துவது எப்படி?

‘ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்’ பட்டியலில் இல்லாதவைகூட லாகின் ஆனதும் ஓடுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அவை வேண்டுமென்றே மறைக்கப்பட்டவை. ‘இடிசி’ ஃபோல்டருக்குள் ‘எக்ஸ்டிஜி’, அதற்குள் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அங்குள்ள, ‘.டெஸ்க்டாப்’ என்று பெயர் முடியும் பல ஃபைல்களில் ‘நோடிஸ்ப்ளே=ட்ரூ’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் பட்டியலில் தெரியாது, ஆனால் ஓடும்.

அங்கேயே அழிக்க வேண்டாம், அது எல்லாப் பயனர்களையும் பாதிக்கும். வேண்டாத ஃபைலை உங்கள் ஹோமில் ‘.கான்ஃபிக்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஆட்டோஸ்டார்ட்’டில் அதே பெயரில் காப்பி செய்து, ‘ஹிடன்=ட்ரூ’ என்ற வரியைச் சேருங்கள். உங்கள் கணக்கில் அது இனி கிளம்பாது.

இதற்கும் அடங்காதவை உண்டு. எவல்யூஷன் மெயிலையே திறக்காதவர் கணினியிலும் ‘எவல்யூஷன் கேலண்டர் ஃபேக்டரி’ ஓடும். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமின் மேல்பட்டையில் நேரத்தைக் கிளிக் செய்தால் வரும் நாட்காட்டி, நிகழ்ச்சிகளை இதனிடம்தான் கேட்கிறது. இது, பின்னணியில் ஓடுபவற்றை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் யூசர் சர்வீஸ். புரோகிராம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாக ஏதாவது ஒன்று கூப்பிட்டால் எழுந்துவிடும், அதனால் ‘டிஸேபிள்’ போதாது. ‘சிஸ்டம்சிடிஎல்’ கட்டளையில் ‘--யூசர்’ சேர்த்து ‘மாஸ்க்’ செய்ய வேண்டும், அதாவது யார் கூப்பிட்டாலும் எழாதபடி தடுக்க வேண்டும். நாட்காட்டியில் நிகழ்ச்சிகள் வராது, சரி என்றால் செய்யுங்கள். மனம் மாறினால் ‘அன்மாஸ்க்’ இருக்கிறது.

அப்புறம், பெயர் புதிதாக இருக்கிறதே என்று பைப்வயரை மட்டும் மாஸ்க் செய்துவிடாதீர்கள். புதிய உபுண்டுவில் ஒலியே அதன் வழியாகத்தான் வருகிறது.