வண்டிக்குக் கட்டும் கட்டணமும் தெருவில் இருக்கும் குழியும்: கேள்வி பதில்

நகராட்சி ஒன்றின் சாலைப் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் விரிசல் எண்ணியவன் நான். நிஜமாகவே எண்ணுகிற வேலைதான், கையில் அளவு நாடா, காகிதத்தில் கட்டம், குனிந்த முதுகு. வண்டிப் பதிவோடு சேர்த்து நகரங்கள் வாங்கும் கட்டணம் பற்றியும் தெருக்களின் நிலைமை பற்றியும் வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வருஷா வருஷம் பதிவைப் புதுப்பிக்கும்போது நகரத்துக்கென்று தனியாக ஒரு தொகை கட்டுகிறேன். தெருவில் குழி அப்படியேதான் இருக்கிறது. அந்தக் காசு எங்கேதான் போகிறது?

அந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்த தீர்மானத்தைத் தேடி எடுத்துப் படியுங்கள், பதில் அதில் ஒரே வரியில் இருக்கும். ஒன்று, இன்னின்ன வேலைக்கு மட்டும் என்று பூட்டு போட்டிருப்பார்கள். இல்லையென்றால் பொதுநிதியில் போய்க் கலந்துவிடும், அப்புறம் அது உங்கள் தெருவுக்கு வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் 2010-இல் மக்கள் வாக்களித்து வண்டிக்கு 10 டாலர் கூடுதல் கட்டணத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதில் பாதி தெருப் பழுதுக்கு, கால்வாசி நடந்து போகிறவர்களின் பாதுகாப்புக்கு, மீதிக் கால்வாசி பொதுப் போக்குவரத்துக்கு என்று முதலிலேயே எழுதிவிட்டார்கள். கவனியுங்கள், அவ்வளவு தெளிவாக எழுதிய இடத்திலேயே பாதிதான் தாருக்குப் போகிறது.

பூட்டு போட்டாலும் உடைப்பார்கள் என்பதற்கு பிரிட்டன் உதாரணம். 1920-களில் அங்கே வண்டி வரிக்கென்றே சாலை நிதி ஒன்று இருந்தது. 1926-இல் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில் அதில் கைவைத்தார், 1937-லிருந்து வரி நேராகக் கருவூலத்துக்கே போனது. ஆனாலும் இன்றைக்கும் அங்கே அதை ‘ரோடு டாக்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். பேர் மட்டும் தங்கிவிட்டது.

கேள்வி: முழுத் தொகையும் சாலைக்கே போனால் போதுமா, சார்?

போதாது. ஒரு லட்சம் வண்டி உள்ள ஊரில் வண்டிக்கு 20 டாலர் வாங்கினால் 20 லட்சம் டாலர். கேட்கப் பெரிசாக இருக்கும், ஆனால் ஒரு பெரிய சாலையை அடியோடு தோண்டிப் புதிதாகப் போட ஆரம்பித்தால் அந்தக் காசு ஓடிவிடும். அதன் மதிப்பு தொகையில் இல்லை, தவறாமல் வருவதில்தான். எரிபொருள் வரி அப்படியில்லை. அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி 1993-லிருந்து காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது, விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. போதாக்குறைக்கு மின்சார வண்டி பெட்ரோல் பங்க் பக்கமே போவதில்லை.

கேள்வி: எனக்குக் கோபம் வருவது இதில்தான். நன்றாக இருக்கிற ரோட்டின் மேலேயே மறுபடியும் ஏதோ ஊற்றுகிறார்கள், பக்கத்துத் தெரு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. கமிஷன்தானே காரணம்?

எல்லா ஊரிலும் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன காட்சி பெரும்பாலும் சரியான வேலைதான், பார்க்கத்தான் தப்பாகத் தெரிகிறது.

தார் வெயிலிலும் காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்து இறுகிப்போகும். முதலில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். காரில் போனால் தெரியவே தெரியாது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் நடந்து பாருங்கள், மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க அந்த விரிசல் மட்டும் ஈரமாகக் கருப்புக் கோடு போட்டது மாதிரி நிற்கும். அந்தக் கோடு வழியாகத் தண்ணீர் கீழே ஜல்லி அடுக்கு வரைக்கும் இறங்குகிறது. ஒவ்வொரு டயரும் மேலே ஏறி இறங்கும்போது, ஊறிக் கிடக்கும் அடித்தளத்திலிருந்து தண்ணீரோடு பொடி மண்ணும் மேலே பீய்ச்சியடிக்கும். விரிசலின் இரண்டு பக்கமும் வெளிறிய கறை படிந்திருந்தால் அதுதான், அடியில் வெற்றிடம் உருவாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்து முதலைத்தோல் மாதிரிக் கட்டம் கட்டமாக வெடிப்பு. அதற்கப்புறம் ஒரு துண்டு பெயர்ந்து வரும், அன்றைக்குத்தான் நீங்கள் ‘குழி’ என்று புகார் கொடுக்கிறீர்கள். எங்கள் கணக்கில் அந்தக் குழிக்கு அதற்குள் பல வயசாகியிருக்கும்.

விரிசல் கட்டத்தில் அடைப்பதற்கும் மேலே மெல்லிய பூச்சு போடுவதற்கும் ஆகும் செலவு, முதலைத்தோல் வந்தபின் தோண்டிப் போடும் செலவில் சின்னப் பங்குதான். அதனால் கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், விழப்போகிற நிலையில் இருக்கும் நல்ல தெருக்களை முதலில் பிடித்து நிறுத்துவார்கள். ஏற்கனவே விழுந்த தெரு இன்னும் இரண்டு வருடம் கழித்துப் போட்டாலும் கிட்டத்தட்ட அதே செலவுதான், அதனால் அது காத்திருக்கும். அந்தத் தெருவில் குடியிருப்பவரிடம் இதை நேருக்கு நேர் விளக்க முயன்றிருக்கிறேன். டீ கூட கொடுக்கவில்லை. அவர் கோபம் நியாயம்தான், ஆனால் மோசமான தெருவையே முதலில் எடுத்துக்கொண்டு போகிற ஊரில் சில வருடத்தில் எல்லாத் தெருவும் மோசமாகிவிடும்.

கேள்வி: என் சின்னக் காருக்கும் பெரிய எஸ்யுவிக்கும் ஒரே கட்டணம். எடைக்குத் தகுந்த மாதிரி வாங்கினால் என்ன?

வாங்கலாம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யில் 6,000 பவுண்டு (சுமார் 2,700 கிலோ) எடையைத் தாண்டிய கார்களுக்கு வருடக் கட்டணம் 500 டாலர். ஆனால் சாலைச் சேதத்தைக் காரணமாகச் சொன்னால் கணக்கு வேறு பக்கம் போகிறது. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் சோதனைச் சாலைகள் போட்டு, ராணுவ ஓட்டுநர்களை வைத்து லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் மேல் விழும் எடையின் நான்காவது அடுக்குக்கு, அதாவது அந்த எண்ணை நான்கு முறை எழுதிப் பெருக்கினால் வருவதற்கு, ஏறக்குறைய ஈடாகச் சேதம் கூடுகிறது என்பதுதான் அதிலிருந்து வந்த விதி. எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. ஒரு டன் அச்சுள்ள காரோடு 10 டன் அச்சுள்ள பஸ்ஸை ஒப்பிட்டால் பத்தாயிரம் மடங்கு. பஸ் நிறுத்தத்தில் மட்டும் தார் அலை அலையாகச் சுருண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதனால்தான் பல ஊர்களில் அந்த இடத்துக்கு மட்டும் கான்கிரீட் போடுகிறார்கள்.

மின்சாரக் கார் 20 சதவீதம் கூடுதல் எடை என்று வைத்துக்கொண்டால் சேதம் இரண்டு மடங்கு. ஒன்றுமில்லாததில் இரண்டு மடங்கு. எடைக் கட்டணத்துக்கு நல்ல காரணம் வேறு: கனமான வண்டி இடித்தால் நடந்து போகிறவருக்கு அடி பலமாக விழும்.

கேள்வி: அப்போ சைக்கிள்காரர்கள் ஒன்றுமே கட்டுவதில்லையே?

மேலே சொன்ன கணக்கில் சைக்கிளைப் போட்டுப் பாருங்கள். வசூலிக்க வைக்கும் குமாஸ்தாவின் சம்பளத்துக்கே வரவு பத்தாது. அதோடு பல ஊர்களில் தெருச் செலவின் பெரும்பங்கு சொத்து வரியிலும் பொதுநிதியிலும் இருந்துதான் வருகிறது, அதை அவர்களும் கட்டுகிறார்கள்.

கேள்வி: புது ரோடு போட்ட மறுமாதமே குழாய்க்காரன் வெட்டுகிறான். இதற்கு என்ன பதில்?

இதற்குப் பதில் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. வெட்டிய இடத்தை மண் கொட்டி மேலே தார் பூசி மூடிவிட்டுப் போவார்கள், அடுக்கடுக்காக இடித்து இறுக்க மாட்டார்கள், அடுத்த மழையில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் மாதிரி அமுங்கும். வெட்டுகிறவர்களிடம் வாங்கும் பழுதுக் கட்டணமும், புதுச் சாலையை இத்தனை வருடம் தொடக்கூடாது என்ற தடையும் சில நகரங்களில் உண்டு. உங்கள் ஊரில் உண்டா என்று கேளுங்கள். இது இல்லாமல் வண்டிக் கட்டணத்தை மட்டும் ஏற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

கேள்வி: பழைய வண்டி வைத்திருக்கும் ஏழைக்கும் புதுக் கார்க்காரருக்கும் ஒரே தொகை என்பது அநியாயமில்லையா, அண்ணா?

அநியாயம்தான் தம்பி. மதிப்பை வைத்து வாங்குவது நியாயமாகத் தெரியும், ஆனால் வாஷிங்டன் மாநிலத்தில் (மேலே சொன்ன தலைநகர் இல்லை, இது வேறு) அப்படி வாங்கியபோதுதான் மக்கள் கொதித்தார்கள். 1999-இல் ஒரே சீராக 30 டாலர் போதும் என்று வாக்களித்தார்கள், நீதிமன்றம் செல்லாது என்றது, சட்டமன்றமே பிறகு அதைச் சட்டமாக்கியது. 2019-இல் மறுபடியும் அதே 30 டாலர் வாக்கெடுப்பு, 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கட்டணத்தைவிட அபராதம் கொடுமையாவதும் உண்டு: சிகாகோவில், நகரக் கட்டணம் கட்டியதற்கு அடையாளமான நகர ஸ்டிக்கர் ஒட்டாத வண்டிக்கு 200 டாலர் அபராதம், அது குட்டி போட்டுக் கடனாகிப் பலரை நொடிக்க வைத்தது. என் கருத்து, தொகை சின்னதாக இருக்கட்டும், தவணை கொடுங்கள், குறைந்த வருமானக்காரருக்குத் தள்ளுபடி கொடுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் எங்கள் ஊரில் கட்டணத்தை உயர்த்தக் கூட்டம் வைக்கிறார்கள். என்ன கேட்கட்டும்?

‘எத்தனை குழி மூடினீர்கள்’ என்று கேட்காதீர்கள், அதற்குப் பெரிய எண்ணாகச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடுவார்கள். ஒரே குழியை நாலு தடவை மூடினாலும் கணக்கில் நாலுதான். தெருக்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் ஆய்வு பல ஊர்களில் நடக்கிறது. உங்கள் ஊரில் கடைசியாக எப்போது செய்தார்கள், ஐந்து வருடத்துக்கு முன் சராசரி என்ன, இப்போது என்ன என்று கேளுங்கள். கட்டணம் வந்த பிறகு பொதுநிதியிலிருந்து சாலைக்குக் கொடுத்ததைக் குறைத்தார்களா என்றும் கேளுங்கள், இது முக்கியம், புதுக் காசு ஒரு கதவால் வரும்போது பழைய காசு இன்னொரு கதவால் போய்விடும். அப்புறம், போன மழைக்கு முன்னால் எத்தனை மீட்டர் விரிசல் அடைத்தீர்கள் என்று ஒரு கேள்வி போடுங்கள். மேடையில் இருப்பவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பொறியாளரைத் திரும்பிப் பார்ப்பார். அவரிடம் எண் இருந்தால் கட்டண உயர்வுக்கு ஆதரவாக நான் கை தூக்குவேன்.