கரையொதுங்கிய கடல்பசுவும் கிடையின் பொலிகாளையும்

கேள்வி: விடுமுறையில் தொண்டிக்குச் சென்றிருந்தபோது, இறந்து கரையொதுங்கிய கடல்பசுவின் தோலிலிருந்து ஆய்வாளர்கள் சிறு துண்டு எடுத்ததைக் கண்டோம். மரபணுவைப் பார்த்துத்தான் அதைக் காக்க வேண்டுமா? எண்ணிக்கை பெருகினால் போதாதா?
– கல்லூரி மாணவி, திருமங்கலம்

பதில்: உங்கள் பக்கத்தில் புலிக்குளம் மாடுகளைக் கிடை போட்டு வளர்ப்பவர்களுக்கு இதன் விடை தெரியும். ஒரே பொலிகாளை பல ஆண்டுகள் ஒரே கிடையில் நின்றால், அது தன் மகளோடும் பேத்தியோடும் சேர்ந்து, பிறக்கும் கன்றுகள் நலிந்துபோகும். அதனால் வெளியிலிருந்து வேறு காளையைக் கொண்டுவர வேண்டும். கடலில் அப்படி மாற்றிவிட ஆளில்லை. கடற்புல் மேயும் பாலூட்டியான கடல்பசு இந்தியாவில் எஞ்சியிருப்பது சில நூறுதான் என்று மதிப்பிடப்படுகிறது. அவையும் பாக் விரிகுடாவும் மன்னார் வளைகுடாவும் சேர்ந்த நம் கடற்பகுதி, கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார் என்று தொலைவான மூன்று இடங்களில் பிரிந்து வாழ்கின்றன.

தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணு, எந்தக் கூட்டம் எதனோடு உறவு என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஆஸ்திரேலியக் கடல்பசுக்களிடம் இரண்டு தாய்வழிகள் உள்ளன. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்து, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினித் தீவுக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணை தரையாகி இரு பக்கக் கூட்டங்களையும் பிரித்ததன் தடம் அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் கரையில் மேய்பவையும் இலங்கைக் கரையில் மேய்பவையும் ஒரே குடும்பமா என்ற கேள்விக்கும் இந்த வழியில்தான் விடை தேட வேண்டும். ஒரே குடும்பமாயின், ஒரு கரையில் மட்டும் காப்பது பாதிக் காவலே.

எண்ணிக்கை பற்றிக் கேட்டீர்கள். எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கியதாகக் கருதப்படும் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் கடல் பாலூட்டிகளான வடக்கு யானைச் சீல்கள், இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஆனால் இழந்த மரபணு வேறுபாடு திரும்பவில்லை. புதிய நோய் வந்தால் தாங்கும் உடல்கள் சிலவாவது கூட்டத்தில் இருக்குமா என்ற அச்சம் அங்கே இன்னும் நீங்கவில்லை. ஆகவே வேறுபாடு மிச்சமிருக்கும்போதே காப்பதுதான் அறிவு.

அதற்காக ஆய்வகத்தை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. கடல்பசு 3 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு கன்று ஈனும். வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிச் சாகும். தமிழ்நாடு அரசு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது பெரிய செயல். எனினும் வலையில் சிக்கியதை அறுத்து விடுவிக்கும் மீனவரும், மீனவர்கள் தாழை என்று சொல்லும் கடற்புல் மேய்ச்சலும் இல்லாமல் அது நிலைக்காது என்பதே என் கருத்து.

உயிருள்ள கடல்பசுவைப் பிடித்துத் துன்புறுத்தாமல் மரபணு பெறக் கரையொதுங்கிய உடலே நல்ல வாய்ப்பு. நம் வெயிலில் அது விரைவில் அழுகிவிடும் என்பதால், இனிமேல் அப்படிக் காண நேர்ந்தால் தாமதிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.