அகல டயர் போட்ட எளிய ரோடு சைக்கிள்: வேகம் குறையுமா?

கேள்வி: ஐந்து வருடமாகப் பந்தய வகை ரோடு பைக் ஓட்டுகிறேன். 25 மி.மீ. டயர், 100 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம். வார இறுதியில் 50, 60 கி.மீ. போவேன். 30 கி.மீ. தாண்டினால் உள்ளங்கை மரத்துப்போகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது. நான் போகும் வழியில் பாதிக்குப் பாதி ஒட்டுப் போட்ட சாலைதான். பழைய பாணி ஸ்டீல் சட்டமும் அகல டயரும் உள்ள எளிய ரோடு சைக்கிளுக்கு மாறலாமா? வேகம் போய்விடுமா? இருக்கிற சைக்கிளிலேயே அகல டயர் மாட்ட வழி உண்டா? என் எடை 76 கிலோ.

பதில்: தாராளமாக மாறலாம். நீங்கள் பயப்படும் அளவுக்கு வேகம் குறையாது. உங்கள் சாலையில் கூடவும் செய்யலாம். ஆனால் வாங்கும் முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். லக் (குழாய்களைச் சேர்க்கும் உலோக மூட்டு) வைத்து இணைத்த மெல்லிய குழாய், தோல் சீட், வெள்ளி நிற ஹேண்டில்பார் எல்லாம் பார்க்க அழகு. உங்கள் கை மரத்துப்போவதை நிறுத்தப்போவது அவை அல்ல. டயருக்குள் இருக்கும் காற்றின் அளவும் ஹேண்டில்பாரின் உயரமும்தான் அதைச் செய்யும். ஆகவே சட்டத்தில் எவ்வளவு அகலமான டயர் நுழையும் என்பதுதான் முதல் கேள்வி. நிறமும் பாணியும் அதற்குப் பிறகுதான். 28 மி.மீ.க்கு மேல் இடம் கொடுக்காத 'பழைய பாணி' சைக்கிளும் உண்டு. அதை வாங்கினால் இப்போதுள்ள வலியோடுதான் ஓட்டுவீர்கள்.

வேகக் கணக்கு

டயர் தரையைத் தொடும் இடம் தட்டையாகிறது. அந்தப் பரப்பு, சக்கரத்தின் மேல் உள்ள எடையை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. ஒரே அழுத்தத்தில் ஒல்லி டயருக்கும் அகல டயருக்கும் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான், வடிவம்தான் வேறு. ஒல்லி டயரில் அது நீளமாக, வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். அகல டயரில் குட்டையாக, அகலமாக இருக்கும். நீளமான பரப்பு உருளும்போது டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிர வேண்டும். சக்தி வீணாவது அங்கேதான். அகல டயரை யாரும் அதே அழுத்தத்தில் ஓட்டுவதில்லை, குறைத்துத்தான் ஓட்டுவார்கள் என்பதால் இந்த லாபம் ஓரளவு கரைந்துவிடும். கண்ணாடி போன்ற சாலையில் இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுப் போட்ட சாலையில் கதையே வேறு. 100 பி.எஸ்.ஐ. டயர் ஒரு சிறு ஜல்லியின் மேல் ஏறும்போது உள்வாங்காது, சைக்கிளையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடும். முன்னே போக வேண்டிய சக்தி மேலும் கீழும் குலுங்குவதில் போகிறது. அந்தக் குலுக்கலை விழுங்குவது உங்கள் தசைகள்தான். உள்ளங்கை மரத்துப்போவதற்கு ஒரு பெரிய காரணம் இது. அகல டயர் அந்த ஜல்லியைத் தனக்குள் அமுக்கிக்கொண்டு உருண்டுவிடும். ஒரு காலத்தில் 23 மி.மீ. டயரை விட்டு அசையாத தொழில்முறைப் பந்தய வீரர்களே இன்று 28, 30 மி.மீ.க்கு வந்துவிட்டார்கள். நெடும்பயணக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. பிரான்சில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி (1853–1930) அந்தக் காலத்திலேயே அகல டயருக்காகவும் பல கியர்களுக்காகவும் விடாமல் வாதாடியவர்.

வேகத்தைத் தின்பது அகலம் அல்ல, டயரின் தடித்தனம். 35 மி.மீ. என்று ஒரே அளவு அச்சிட்ட இரண்டு டயர்களில் ஒன்று 350–400 கிராம் இருக்கும். இன்னொன்று பஞ்சர் தடுக்கும் தடித்த பட்டையும் விறைத்த பக்கச்சுவருமாக 700 கிராம் தொடும். கடையில் டயரின் பக்கச்சுவரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மடக்கிப் பாருங்கள். நல்ல டயர் தடித்த துணி மாதிரி மடங்கும். ரப்பர் பாய் மாதிரி முரண்டு பிடித்தால் வாங்க வேண்டாம். முதல் டயரைப் போட்டவர் "அகல டயர் பறக்கிறது" என்பார், இரண்டாவதைப் போட்டவர் "இழுக்கிறது" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். தார்ச்சாலைக்கு வழவழப்பான டயர் போதும், மழையிலும் கூட. தண்ணீரை வெளியேற்றக் கார் டயருக்கு வேண்டிய பள்ளங்கள், வளைந்த முகமுள்ள சைக்கிள் டயருக்குத் தேவையில்லை.

காற்று: இங்கேதான் பலர் தவறுகிறார்கள்

அகல டயர் மாட்டிவிட்டு 80 பி.எஸ்.ஐ. அடித்து, "ஒரு வித்தியாசமும் தெரியவில்லை" என்பவர்கள் ஏராளம். தெரியாது. டயர் துணியின் இறுக்கம் என்பது அழுத்தத்தையும் டயரின் அகலத்தையும் பெருக்கி வருவது. 25 மி.மீ. டயரில் 100 பி.எஸ்.ஐ. தரும் விறைப்பை 35 மி.மீ. டயர் சுமார் 71-லேயே தந்துவிடும். 80 அடித்தால் அது பழைய டயரைவிடக் கல்லாக இருக்கும்.

நீங்கள், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 90 கிலோ என்று வைத்து, டியூப் உள்ள டயருக்குத் தொடக்க அளவுகள் இவை:

28 மி.மீ.: பின் 74, முன் 66
32 மி.மீ.: பின் 60, முன் 53
35 மி.மீ.: பின் 51, முன் 45
38 மி.மீ.: பின் 45, முன் 39

மொத்த எடை 10 சதவீதம் கூடினால் அழுத்தத்தையும் அதே அளவு கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அவ்வளவு அடிக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை.

பிறகு உங்கள் உடம்புக்குச் சரிசெய்யுங்கள். நன்றாகத் தெரிந்த, மோசமான 2 கி.மீ. சாலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் 3 பி.எஸ்.ஐ. குறைத்து ஓட்டுங்கள். வளைவில் முன்சக்கரம் சோம்பலாகத் திரும்புவது போலவோ, எழுந்து மிதிக்கும்போது பின்பக்கம் துள்ளுவது போலவோ தோன்றினால் 3 கூட்டி நிறுத்துங்கள். குழியில் ரிம் 'டங்' என்று இடித்தால் 5 கூட்டுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல அக்கம்பக்கமாக இரண்டு துளை விழும். ஒற்றைத் துளை என்றால் முள்ளோ கண்ணாடியோ, ஜோடித் துளை என்றால் காற்று போதவில்லை. ஒரே பம்பின் மீட்டரையே நம்புங்கள். இரண்டு மீட்டர்கள் 5 பி.எஸ்.ஐ. வித்தியாசம் காட்டுவது சாதாரணம்.

எதையும் வாங்கும் முன், இருக்கும் 25 மி.மீ. டயரிலேயே பின்னால் 88, முன்னால் 78 வைத்து அடுத்த வாரம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் எடைக்கு 100 அதிகம்.

இருக்கும் சைக்கிளில் எவ்வளவு நுழையும்?

மூன்று இடங்களைப் பாருங்கள்: முன் ஃபோர்க்கின் தலைக்கு அடியில், மிதி அச்சுக்குப் பின்னால் இரண்டு குழாய்கள் நெருங்கும் இடத்தில், பின் பிரேக் பாலத்துக்கு அடியில். அளவுகோல் நுழையாது, அலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) நுழையும். டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே இரு பக்கமும் 6 மி.மீ. கீயும் மேலே 8 மி.மீ. கீயும் தாராளமாகப் போய்வந்தால் 28 மி.மீ. டயர் மாட்டலாம். டயர் மாட்டிய பின் குறைந்தது 4 மி.மீ. கீ எங்கும் உரசாமல் போக வேண்டும். சக்கரம் சிறிது கோட்டமானாலும், டயரில் ஒரு கல் ஒட்டிக்கொண்டாலும் அந்த இடைவெளிதான் சட்டத்தைக் காப்பாற்றும். அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ரிம்மின் உள்ளகலம் ஒவ்வொரு மி.மீ. கூடும்போதும் டயர் சுமார் 0.4 மி.மீ. விரியும். மாட்டி ஓரிரு நாள் ஆனதும் துணி தளர்ந்து இன்னும் கொஞ்சம் பெருக்கும்.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் இன்னொரு வரம்பும் உண்டு. பிரேக் போல்ட்டின் நடுவிலிருந்து ரிம்மில் கட்டை படும் இடம் வரை அளந்து பாருங்கள். 39–49 மி.மீ. என்றால் பந்தயச் சட்டம், அதில் 28 வரைதான் போகும். 47–57 என்றால் 32 மி.மீ. போகும். 55–73 எட்டும் நீண்ட கைப் பிரேக்குக்கென்றே கட்டிய சட்டத்தில் 38 வரை முடியும். "நீண்ட கைப் பிரேக் வாங்கி மாட்டிவிடலாமே" என்று தோன்றும். முடியாது. இந்த அளவைத் தீர்மானிப்பது சட்டத்தில் துளை இருக்கும் இடம். அதை மாற்ற வழியில்லை. உங்களுடையது பந்தயச் சட்டம் என்பதால், 28-க்கு மேல் வேண்டுமானால் வேறு சைக்கிள்தான்.

பழையதை எடுத்துப் புதுப்பித்தால்

பழைய ஸ்டீல் சைக்கிளுக்கு எங்கள் முழு ஆதரவு உண்டு. 27 அங்குலச் சக்கரத்துக்குக் கட்டிய சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். அதன் ரிம் விட்டம் 630 மி.மீ., இன்றைய ரோடு சைக்கிள்களின் வழக்கமான அளவான 700சி ரிம் 622 மி.மீ. 700சி சக்கரம் மாட்டினால் ஆரத்தில் 4 மி.மீ. இடம் இலவசமாகக் கிடைக்கும். பிரேக் கட்டை மட்டும் 4 மி.மீ. கீழே இறங்கி எட்டுகிறதா என்று பாருங்கள்.

இன்னும் ஒரு வழி 650பி என்ற சிறிய சக்கர அளவு. அதன் ரிம் 584 மி.மீ., ஆரத்தில் 19 மி.மீ. சிறியது. 23 மி.மீ. டயரோடு இருந்த 700சி சக்கரத்தின் ஆரம் 334 மி.மீ. என்றால், 38 மி.மீ. டயரோடு 650பி சக்கரம் 330 வரும். மிதி தரையை நெருங்குவது 4 மி.மீ.தான். ஆனால் பிரேக் கை 19 மி.மீ. கூடுதலாக எட்ட வேண்டும். பின் குழாய்களுக்கு நடுவே 38-க்கு அகலமும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் முயற்சி வீண்.

வாங்கும் முன் ஹேண்டில் தலைக்குச் சற்றுக் கீழே, சாய்வுக் குழாயின் அடியில் விரலால் தடவுங்கள். மெல்லிய மேடோ பெயின்ட்டில் சுருக்கமோ தட்டுப்பட்டால் முன்னால் மோதிய சைக்கிள், வேண்டாம். சீட் கம்பியும் ஹேண்டில் தண்டும் அசைகின்றனவா என்று கழற்றியே பாருங்கள். வருடக்கணக்கில் கிரீஸ் படாமல் இறுகிப்போனதை எடுப்பது பெரும்பாடு. பின்சக்கரம் மாட்டும் இரு முனைகளுக்கு நடுவே இடைவெளி 126 மி.மீ. இருந்தால் 130-க்கு விரிக்கலாம், ஸ்டீலில் மட்டும். அலுமினியத்திலும் கார்பனிலும் அந்த வேலையே கூடாது.

புதிதாக வாங்கினால்

மட்கார்டோடு 35 மி.மீ. நுழைய வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 10 மி.மீ. விடுங்கள். மிதி அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை போகும் பின்குழாயின் நீளம் 430 மி.மீ.க்கு மேல், சக்கரத்துக்கு 32 ஸ்போக்ஸ், திருகி மாட்டும் மிதி அச்சு. முன்பல் 46/30, பின்பல் 11–34 இருந்தால் ஏற்றத்தில் மூச்சு முட்டாது. பந்தய சைக்கிளில் முன்பல் 39-க்குப் பின்பல் 25 என்பது ஒரு மிதிக்குச் சக்கரத்தை 1.56 சுற்று சுற்றும், 30-க்கு 34 என்பது 0.88 சுற்றுதான். சைக்கிள் இரண்டு கிலோ கூடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மொத்தம் 90 கிலோவில் அது இரண்டு சதவீதம்தான், அதுவும் ஏற்றத்தில் மட்டும்தான் தெரியும்.

ஹேண்டில்பார் சீட்டின் உயரத்துக்குச் சமமாகவோ ஓரிரு செ.மீ. மேலேயோ இருக்கட்டும். உங்கள் கழுத்துக்கு மருந்து அதுதான். பழைய பாணித் தண்டு என்றால் அதில் பொறித்த கோட்டைத் தாண்டி உயர்த்தாதீர்கள், தண்டு முறியும். வளைந்த ஹேண்டில்பாரையே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்தால், நிமிர்ந்த இருப்பால் இழந்த வேகம் பெரும்பாலும் திரும்பிவிடும். சீட் மூக்கு முன்னோக்கிச் சரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சரிந்திருந்தால் உடல் எடை முழுக்க கைக்கு இறங்கும், எந்த டயரும் காப்பாற்றாது. நிமிர்ந்து உட்காரும்போது இடுப்பெலும்பில் எடை கூடும் என்பதால், பழைய ஒல்லி சீட்டை அப்படியே புதியதற்கு மாற்ற வேண்டாம்.

காந்தம் வைத்த வேகமானி உபயோகித்தால், டயர் மாற்றிய அன்றே அதில் பதிந்திருக்கும் சக்கரச் சுற்றளவையும் மாற்றுங்கள். 25 மி.மீ. டயருக்கு 2105, 32-க்கு 2155, 38-க்கு 2180 மி.மீ. பழைய எண்ணையே விட்டுவைத்தால் 38 மி.மீ. டயரில் 25 கி.மீ. வேகத்தில் போகும்போது மானி 24 என்றுதான் காட்டும்.