மறதி நோயுள்ள பெற்றோரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பவர்களுக்கு: கேள்வி பதில்

முதியோர் வார்டில் சிஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பராமரிப்பு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

திருமங்கலத்திலிருந்து: அப்பாவுக்கு 79 வயது, சில வருடமாக மறதி நோய். இடுப்பெலும்பு முறிந்து மதுரையில் ஆபரேஷன் ஆனது. மூன்றாம் நாள் ராத்திரி "மாட்டை அவுத்துட்டாங்கடா" என்று கத்தி ட்ரிப்ஸைப் பிடுங்கிவிட்டார். காலையில் போனால் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். மறதி முற்றிவிட்டதா சிஸ்டர்?

இல்லை தம்பி. மறதி நோய் மெல்ல மெல்லத்தான் கூடும், ஒரே ராத்திரியில் முற்றாது. இரண்டு நாளில் ஆளே மாறிப்போனால் அது பெரும்பாலும் டெலிரியம், அதாவது உடம்புக் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம். பகலில் கொஞ்சம் தெளிவாக இருப்பார், பொழுது சாய்ந்தால் குழம்புவார். அடியில் உடம்புக் கோளாறு ஏதாவது இருக்கும்: வலி, மூத்திரத்தில் கிருமி, மூத்திரம் அடைப்பு, மலச்சிக்கல், நீர் வற்றுவது, சோடியம் குறைவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை. டாக்டரிடம் "தூங்க வையுங்கள்" என்று சொல்லாதீர்கள். "திடீரென்று மாறிவிட்டார், காரணம் என்னவென்று பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

முதலில் வலியைக் கவனியுங்கள். சீட்டில் "தேவைப்பட்டால்" என்று வலி மாத்திரை எழுதியிருந்தால், வாய்விட்டுக் கேட்பவருக்குத்தான் அது கிடைக்கும். அப்பா கேட்கமாட்டார். புரட்டிப் படுக்க வைக்கும்போது முகம் சுளிக்கிறாரா, கட்டில் கம்பியை இறுகப் பிடிக்கிறாரா என்று பார்த்துச் சொல்லி, வேளாவேளைக்குக் கொடுக்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். கட்டினால் குழப்பம் கூடும், தோல் உரியும், புண் வரும். ட்ரிப்ஸ் ஊசியின் மேல் கிரேப் பேண்டேஜ் சுற்றி முழுக்கைச் சட்டை போட்டால் கண்ணில் படாது. மூத்திர டியூப் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் கட்டிலுக்கடியில் பைக்குள் கிடக்கும், எடுத்து மாட்டிவிடுங்கள். ராத்திரி அவருக்குத் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

வாடிப்பட்டியிலிருந்து: அம்மா நேற்றிலிருந்து திடீரென்று என்னையே யாரென்று கேட்கிறார். மறதி அதிகமாகிவிட்டதா?

மேலே திருமங்கலத்துத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். அம்மாவுக்கு வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆச்சு?

மேலூரிலிருந்து: சிஸ்டர், கட்டக்கூடாது என்று சொல்வது சுலபம். ராத்திரியில் ஒரு சிஸ்டர் எத்தனை பேரைப் பார்ப்பார்? அவிழ்த்துவிட்டு எங்கப்பா விழுந்தால் யார் பொறுப்பு?

நியாயமான கேள்வி. ராத்திரி டூட்டியின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் கட்டினால் விழமாட்டார் என்பதை ஒத்துக்கொள்ளமாட்டேன். கட்டோடு கம்பியைத் தாண்டப் பார்ப்பவர் இன்னும் மோசமாக விழுவார். கட்டிலைத் தாழ்த்தி வையுங்கள், படுக்கும் முன் பாத்ரூம் கூட்டிப் போங்கள். பாதி ராத்திரியில் அவர் எழுவது பெரும்பாலும் மூத்திரத்துக்குத்தான்.

அதே மேலூர்க்காரர்: ஐசியூவில் எங்களை உள்ளேயே விடவில்லையே?

வென்டிலேட்டர் டியூபைப் பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து; அந்த நேரத்தில் கொஞ்ச நேரம் கட்ட வேண்டி வரலாம். அப்போதும் ஏன், எவ்வளவு நேரம் என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், அடிக்கடி அவிழ்த்துப் பார்க்க வேண்டும். "மறதி நோயாளி, நாங்கள் ஒருவர் இருந்தால் அமைதியாக இருப்பார்" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். வாசலில் இருப்பவரிடம் வாதாடிப் பயனில்லை.

செல்லூரிலிருந்து: மேலூர் அண்ணனுக்கு நானும் சொல்கிறேன். எங்கம்மா ஊசியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். உதிரி மல்லியும் நாரும் மடியில் வைத்தேன். கை பாட்டுக்குக் கட்ட ஆரம்பித்துவிட்டது.

இதைத்தான் சொல்ல வந்தேன், அம்மா. ஆயுசு முழுக்கப் பூக்கட்டிய கை அதை மறக்காது. விவசாயம் பார்த்த அப்பாவுக்கு ஒரு துண்டைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள், கயிறு திரிக்கக் கொடுங்கள். கைக்கு வேலை இருந்தால் டியூபைத் தேடாது.

உசிலம்பட்டியிலிருந்து: ராத்திரி ரொம்பச் சத்தம். தூக்க ஊசி போடச் சொல்லலாமா?

மறுபடியும் சொல்கிறேன், நீங்களாகக் கேட்காதீர்கள். இப்படி அடக்குவதற்குக் கொடுக்கும் மனநோய்க்கான மருந்துகளை மறதி நோயுள்ள முதியவர்களுக்குக் கொடுத்தால் மரண அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005இலேயே எச்சரித்தது. மற்ற எல்லாம் பார்த்தும் அடங்காமல், அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்றால் மட்டும் டாக்டர் குறைந்த அளவில், கொஞ்ச நாளைக்குக் கொடுப்பார். அரிப்புக்கும் சளிக்கும் நாமே வாங்கும் அவில் மாதிரி மாத்திரைகூடக் குழப்பத்தைக் கூட்டும்.

சோழவந்தானிலிருந்து: பாட்டி சாப்பிடுவதே இல்லை. மூக்கில் டியூப் போடலாம் என்கிறார்கள்.

டெலிரியம் தெளியும்வரை சில நாள் என்றால் யோசிக்கலாம். நோய் முற்றிப்போன நிலையில் டியூப் ஆயுளைக் கூட்டுவதில்லை, புரையேறுவதையும் தடுப்பதில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த சாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள். விழுங்கினாரா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய் கொடுங்கள். படுத்த வாக்கில் ஒருபோதும் ஊட்டாதீர்கள்.

அவனியாபுரத்திலிருந்து: கேஸ் ஷீட் நகல் தரமாட்டேன் என்கிறார்கள்.

எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் வருட மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது.

அலங்காநல்லூரிலிருந்து: அப்பாவுக்கு திடீரென்று குழப்பம்...

திருமங்கலத்துத் தம்பிக்குச் சொன்ன பதில்தான் ஐயா. தயவுசெய்து படித்துவிட்டு இன்றே டாக்டரைப் பாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

திருமங்கலத்துத் தம்பி மறுபடியும்: கட்டை அவிழ்த்துவிட்டார்கள் சிஸ்டர். மூத்திரத்தில் கிருமி என்று மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். உடனே தெளிந்துவிடுவாரா?

நல்லது தம்பி. கிருமி போனாலும் குழப்பம் விலக வாரக்கணக்கில் ஆகலாம், பயப்படாதீர்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் மாத்திரைச் சீட்டை வரிசையாகப் படித்து, ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்த்தது எது, எப்போது நிறுத்துவது என்று அந்தந்த மாத்திரையின் பக்கத்திலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.