மாடியில வளர்க்குற ஊதா ஃபவுண்டன் கிராஸ்: நுனி கருகுது, நடுவுல காயுது, கலரும் போச்சு

கேள்வி: வணக்கம் சார். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில எங்க வீட்டு மாடியில பர்ப்பிள் ஃபவுண்டன் கிராஸ் ஒரு நாப்பது குரோபேக்ல வச்சிருக்கேன், செங்குன்றம் பக்கம் நர்சரியில வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது, கடை வாசல், ஆபீஸ்னு அலங்காரத்துக்கு கேக்குறவங்களுக்கு குடுப்பேன். இப்ப இலை நுனியெல்லாம் கருகி வருது, தூரோட நடுப்பகுதி காஞ்சு வெறும் வைக்கோலா நிக்குது, புது இலை பச்சையா வருது, கதிரே காணோம். போர் தண்ணியும் ஆர்ஓ மெஷின்ல வெளிய வர்ற வேஸ்ட் தண்ணியும் கலந்து ஊத்துறேன். உரம் வாராவாரம் 19:19:19, நடுவுல கொஞ்சம் டிஏபி. மே மாசம் வெயிலுக்கு பயந்து பச்சை நெட் கட்டினது இன்னும் இருக்கு. நோயா சார்? மருந்து அடிக்கணுமா? ஆன்லைன்ல இதோட விதை பாக்கெட் விக்கிறாங்க, வாங்கி புதுசா போட்டுடலாமா?

பதில்: வணக்கம் தம்பி. மருந்து எதுவும் வாங்காதீங்க, நோய் இல்ல. புல்லுக்கு நீங்க காட்டுற கவனிப்பு கொஞ்சம் ஓவர், அவ்ளோதான்.

நீங்க அனுப்பின போட்டோவை ஜூம் பண்ணிப் பாத்தேன். குரோபேக்கோட மடிச்ச ஓரத்துலயும் அடியில தண்ணி வடியுற ஓட்டையைச் சுத்தியும் வெள்ளையா பூத்து நிக்குது பாருங்க, அது உப்பு. விரலால சுரண்டினா பொடியா வரும். வேர் வழியா ஏறுற தண்ணியில இருக்குற உப்பு இலை நுனி வரைக்கும் போய், தண்ணி மட்டும் ஆவியாகி உப்பு அங்கயே தங்கிடுது, அதனாலதான் நுனியில ஆரம்பிச்சு ஓரமா கீழ இறங்கி கருகுது. தண்ணி பத்தலன்னா இப்படி இருக்காது, இலை மொத்தமா நீளவாக்குல சுருண்டு மங்கிப்போகும்.

உங்க பக்கம் போர் தண்ணி எப்படின்னு நான் சொல்லணுமா என்ன. மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணி நிலத்தடிக்குள்ள ஏறினது 1960கள் கடைசியிலேயே பதிவான விஷயம், கரையோரம் திருவொற்றியூர் எண்ணூர்ல கேக்கவே வேணாம். அதுக்கு மேல ஆர்ஓ வேஸ்ட் தண்ணி வேற. அந்த மெஷின் உப்பை எங்கயும் காணாம அடிக்கிறது இல்ல, ஒரு குடம் நல்ல தண்ணிய பிரிச்சுக்கிட்டு அதுல இருந்த உப்பையும் சேர்த்து மீதி ரெண்டு மூணு குடத்துல வெளிய தள்ளுது, அதாவது போர் தண்ணிய விட அது இன்னும் உப்பு. தண்ணிய வீணாக்கக் கூடாதுங்குற உங்க மனசு நல்ல மனசுதான், அத தரை கழுவ, பாத்ரூமுக்கு வச்சுக்கோங்க, தொட்டி செடிக்கு வேணாம். உரமும் உப்புதான் தம்பி, 19:19:19 வாராவாரம்னா அது வேற கூடவே சேருது.

டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவு, பாக்குற பேனா மாதிரி மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது, ஒண்ணு வாங்கி எல்லா தண்ணியையும் பாருங்க. 500 பிபிஎம்முக்கு கீழ இருந்தா தாராளமா ஊத்தலாம், 1,400 தாண்டினா தினமும் தொட்டிக்கு ஊத்துற தண்ணி இல்ல அது. மெட்ரோ வாட்டர் வர்ற அன்னைக்கு ரெண்டு டிரம் பிடிச்சு வைங்க. ஏசியில சொட்டுற தண்ணியில உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்ல, கீழ் வீட்டு ஏசி பைப்புக்கும் சேத்து ஒரு பக்கெட் வைங்க. மழைத்தண்ணி கிடைச்சா அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

இப்ப பையில ஏற்கனவே சேந்த உப்ப கழுவி எடுக்கணும். பத்து லிட்டர் மண்ணு புடிக்கிற பைன்னா நல்ல தண்ணி இருபது லிட்டர், ஒரே மூச்சுல கொட்டாம நாலஞ்சு தடவையா விட்டு விட்டு ஊத்தி அடியில நல்லா வடிய விடுங்க. ஆனா நாப்பது பைக்கும் இப்படி பண்ண தண்ணிக்கு எங்க போறது, அதனால நான் சொல்றது வேற: எப்படியும் தூரு பிரிக்க வேண்டியிருக்கு, பிரிக்கும்போதே மண்ண மாத்திடுங்க. தூரு நல்லா இருக்குற நாலஞ்சு பைய மட்டும் கழுவினா போதும்.

நடு காஞ்சதுக்கு உப்பு மட்டும் காரணம் இல்ல. இந்த மாதிரி தூரு கட்டுற புல்லு எல்லாமே வெளிப்பக்கமா புதுசு விட்டுக்கிட்டே போகும், நடுவுல இருக்குற கிழடு செத்துடும், அதுவும் ரெண்டு வருஷம் ஒரே பையில இருந்தா வேரு சுத்தி சுத்தி முடிச்சு போட்டிருக்கும். நம்ம கம்பு, நேப்பியர், கொழுக்கட்டைப் புல்லு எல்லாம் இதுக்கு பங்காளிங்கதான், நேப்பியர் போட்டவங்கள கேட்டா இத சொல்லுவாங்க.

ஆடி பொறந்தாச்சு, கத்திரி போயாச்சு, சாயங்காலம் அப்பப்ப மழையும் வருது, பிரிக்க தோதான நேரம். (அடுத்த வாட்டி தை கடைசியில இல்லன்னா மாசியில வெட்டி விடுங்க. வெளிநாட்டு வீடியோவுல பனி முடிஞ்சு வெட்டு, குளிர்ல செத்துடும், வருஷா வருஷம் புதுசு வாங்குன்னு சொல்லுவாங்க, அது அவங்க ஊருக்கு, நம்ம ஊர்ல பனியில சாகாது.) மொதல்ல இலைய கொத்தா சேத்து கயிறு கட்டிக்கோங்க, முழுக்கை சட்டை போட்டுக்கோங்க, இல்லன்னா ராத்திரி கை அரிக்கும். தரையில இருந்து அரை அடி விட்டு மேல அறுத்துடுங்க. பைய கிழிச்சு வேர் உருண்டைய வெளிய எடுத்து, கத்திக்கு அசையாது, பழைய மர ரம்பம் இருந்தா அதால நாலா அறுங்க. நடுவுல இருக்குற காஞ்ச கட்டைய தூக்கிப் போடுங்க, பாவம் பாக்காதீங்க. வெளி ஓரத்துல உயிரோட இருக்குற தூர்ல நாலஞ்சு முளையும் கூடவே வெள்ளை வேரும் இருக்குற மாதிரி ஒவ்வொரு துண்டா எடுத்து பழைய ஆழத்துலயே நடுங்க, ஆழமா பொதைச்சா அழுகும்.

மண்ணு கலவை: செம்மண் ரெண்டு பங்கு, எம்சாண்ட் இல்லன்னா ஆத்து மணல் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கோகோபீட் கட்டிய வாங்கி அப்படியே போடாதீங்க, அதுலயும் உப்பு இருக்கும், ரெண்டு மூணு தண்ணி ஊறப்போட்டு பிழிஞ்சு போடுங்க. நட்ட பிறகு ஒரு வாரம் பத்து நாள் நிழல்ல வச்சு, புது இலை எட்டிப் பாத்ததும் வெயிலுக்கு கொண்டு போங்க.

வெயில்னா நேர் வெயில், ஆறு மணி நேரமாவது. அந்த பச்சை நெட்ட இன்னைக்கே அவுத்துடுங்க. நிழல்ல வச்சா இந்தப் புல்லு பச்சைக்கு திரும்பிடும், தொங்கிப் படுக்கும், கதிரும் தள்ளாது, கலருக்கு வெயில்தான் மருந்து. கதிர் வராததுக்கு இன்னொரு காரணம் உங்க வாராந்திர உரம், தழைச்சத்து எக்கச்சக்கமா போனா இலை மட்டும்தான் போடும். ரெண்டு மாசம் உரமே வேணாம், அப்புறம் பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், அதுவும் எப்பயாவது. தண்ணியும் மேல் மண்ணு விரல் கணு ஆழம் காஞ்ச பிறகு ஊத்தினா போதும்.

மத்தியானத்துக்கு மேல கடக்காத்து கொண்டு வர்ற உப்பும், எண்ணூர் மணலி பக்கத்துத் தூசியும் இலையில படியும், வாரம் ஒரு தடவ நல்ல தண்ணியால இலைய கழுவி விடுங்க, காலையில பண்ணுங்க. ஐப்பசி கார்த்திகையில பைய செங்கல் மேல ஏத்தி வைங்க, மாடி தண்ணி போற ஓட்டைய சுத்தமா வச்சுக்கோங்க. இலை அடியுறையில மாவுப்பூச்சி வந்தா வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்பு கரைச்சு சாயந்திரம் அடிங்க.

விதை பாக்கெட் பத்தி கேட்டீங்க. வாங்காதீங்க. ஊதா ரகம் முளைக்கிற விதை வைக்கிறது ரொம்ப அபூர்வம், நர்சரிக்காரங்களே தூரு பிரிச்சுதான் பெருக்குறாங்க, பாக்கெட்ல வர்றது அநேகமா பச்சை ரகமா இருக்கும், இல்லன்னா ஏதோ ஒரு புல்லு. பச்சை ரகம் விதை கொட்டி காத்துல பறந்து எங்க வேணா முளைக்கும், ஹவாய்ல அது காடா பரவி காட்டுத்தீக்கு எரிபொருளா நிக்குது, ஐரோப்பிய யூனியன் 2017ல அத ஆக்கிரமிப்புச் செடி பட்டியல்ல சேத்துச்சு. உங்க நாப்பது பையில பாதி தேறினாலும், ஒரு தூருக்கு ரெண்டு மூணு துண்டு எடுத்தா பழைய எண்ணிக்கைக்கு மேலயே வந்துடும், அப்புறம் விதை எதுக்கு?

பிரிச்ச உடனே யாருக்கும் குடுத்துடாதீங்க. பைய தூக்கினா மண்ணு உதிராம வேர் பிடிச்சு, ஒரு கதிராவது தள்ளின பிறகு குடுங்க, வாங்குறவங்ககிட்ட ஏசி ரூமுக்குள்ள வைக்கிற செடி இல்ல, வாசல் வெயில்ல வைங்கன்னு சொல்லியே குடுங்க. மீட்டர் வாங்கினதும் போர், மெட்ரோ, ஆர்ஓ மூணுக்கும் ரீடிங் எழுதி அனுப்புங்க, போரும் மெட்ரோவும் எந்த அளவுல கலக்கலாம்னு பாத்து சொல்றேன்.